ஸ்கோப்பில் வெறும் கோடுதான் தெரிகிறதா? என்கோடரைக் கழற்றாதீர்கள்

திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "இசட் பல்ஸ் வரலீங்க, என்கோடர் போயிருச்சுங்க." என்கோடர் என்பது தண்டு சுற்றுவதைப் பல்ஸ்களாகச் சொல்லும் சென்சார்; இசட் பல்ஸ் அதில் சுற்றுக்கு ஒரே ஒருமுறை வரும் குறி. நானும் ஒருமுறை இதை நம்பி, நல்ல என்கோடரைக் கழற்றிப் புதிது வாங்க வைத்திருக்கிறேன். கோளாறு நான் ஸ்கோப்பில் (ஆஸிலோஸ்கோப்பில்) பார்த்த விதத்தில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடும் மெஷினில் ஒரு சுற்றுக்கு 2.4 வினாடி. அதோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும் 1024 பல்ஸ் என்கோடரில், ஒரு பல்ஸ் சைக்கிளில் கால் பங்கு அகலமுள்ள இசட் பல்ஸ் சுமார் 0.6 மில்லி வினாடிதான் நிற்கும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் 24 வோல்ட் பல்ஸ் அதில் வெறும் 6 மில்லிவோல்ட். மீட்டர் மட்டும்தான் கையில் என்றால், மெஷினை நிறுத்தி, தண்டைக் கையால் மெல்ல மெல்லத் திருப்புங்கள். இசட் இடத்தில் நின்றால் முழு வோல்டேஜும் தெரியும்.

அதிகம் பேர் சறுக்குவது ஸ்கோப்பின் ஆட்டோ ட்ரிகரில். ட்ரிகர் என்பது சிக்னல் எப்போது வந்தால் படம் பிடிக்க வேண்டும் என்று ஸ்கோப்புக்குச் சொல்வது. கொஞ்ச நேரம் ட்ரிகர் வராவிட்டால் ஸ்கோப் தானாகவே கோடு வரைந்துவிடும், 2.4 வினாடி அது காத்திருக்காது. ட்ரிகர் வரும்வரை காத்திருக்கும் நார்மலுக்கு மாற்றுங்கள். டிசி கப்ளிங், ஏறுமுக விளிம்பு, ட்ரிகர் லெவல் 12 வோல்ட், திரையின் ஒரு கட்டத்துக்கு 200 மைக்ரோ வினாடி. பல்ஸ் மூன்று கட்டம் அகலத்தில் வந்து நிற்கும். செட்டிங்கை எல்லாம் தானே போடும் ஆட்டோசெட் பட்டனை இதற்கு நம்ப வேண்டாம்.

அடுத்தடுத்த இரண்டு இசட் பல்ஸையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று கட்டத்துக்கு 500 மில்லி வினாடி வைப்பவர்கள் உண்டு. 2,500 புள்ளி மெமரி உள்ள ஸ்கோப்பில் 5 வினாடியைப் பிரித்தால் புள்ளிக்குப் புள்ளி 2 மில்லி வினாடி. நம் பல்ஸ் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும். புள்ளிகளுக்கு நடுவில் வரும் உச்சத்தையும் பதியும் பீக் டிடெக்ட் போட்டால் பிடிபடும்.

ஓபன் கலெக்டர் அவுட்புட்டை (தானாக வோல்டேஜ் தராமல் கோட்டை 0 வோல்ட்டுக்கு மட்டும் இழுப்பது) தனியே பிரித்துப் பார்க்கும்போது, கோட்டை சப்ளை வோல்டேஜுக்கு இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் எந்த செட்டிங்கிலும் பல்ஸ் வராது.

அப்புறம், நார்மலில் வைத்தும் கண்டபடி ட்ரிகர் ஆகிறதா? பக்கத்திலுள்ள மோட்டார் டிரைவின் இரைச்சலாக இருக்கலாம். ப்ரோபின் நீள கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டுக் குட்டி ஸ்பிரிங் கிரவுண்ட் போடுங்கள். வசதி இருந்தால் 100 மைக்ரோ வினாடிக்கு மேற்பட்ட பல்ஸுக்கு மட்டும் ட்ரிகர் ஆகும்படி வையுங்கள்.

இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பைத் தவறான இடத்தில் மாட்டினால் ஸ்கோப்பின் உலோகப் பாகங்களிலேயே கரண்ட் ஏறிவிடும், தொட்டால் உயிரே போகலாம். கிரவுண்ட் கிளிப் என்கோடரின் 0 வோல்ட்டில்தான் இருக்க வேண்டும்.