ஆய்வுக்குழு சர்வரில் முதல் வாரம்

பாலக்காட்டுப் பக்கம் ஆய்வுப் படிப்பில் சேர்ந்து, கோவையிலிருந்து தினமும் ரயிலேறி வருகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறோம். குழுவுக்கு ஒரே லினக்ஸ் சர்வர், அதில் பத்துப் பேருக்குக் கணக்கு. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம்; சர்வரில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. சாவி

சர்வருக்குள் நுழைவது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக; அதற்குக் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு. லேப்டாப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டுங்கள், வகை ஈடி25519. இரண்டு கோப்புகள் வரும். பெயர் ‘பப்’ என்று முடிவதை மட்டும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் சர்வரில் சேருங்கள். மற்றதை யாருக்கும் அனுப்பாதீர்கள், வழிகாட்டிக்கும்கூட. அதற்கு அனுமதி 600, அது இருக்கும் ஃபோல்டருக்கு 700; இரண்டுமே உங்களுக்கு மட்டும் திறக்கும் என்று பொருள். பிறர் படிக்கும்படி திறந்து கிடக்கிற சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது. ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். வீட்டிலிருந்து ‘டைம்ட் அவுட்’ வந்தால் சிக்கல் சாவியில் இல்லை, விபிஎன் (வெளியிலிருந்து வளாக நெட்வொர்க்கில் சேரும் இணைப்பு) போட்டீர்களா என்று பாருங்கள்.

2. ஓட்டுமுன் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டுகிறவர்களால்தான் குழுவில் சண்டை வருகிறது. எச்டாப் தட்டினால் எத்தனை கோர் (சிபியுவின் கணக்கிடும் மையம்), யார் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்று தெரியும். ‘லோட் ஆவரேஜ்’ (ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி) கோர் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தால் இடமில்லை, காத்திருங்கள்.

சிபியு நிரம்பினால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி நிரம்பினால் கதை வேறு. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏதாவது ஒரு புரொசஸைக் (ஓடும் நிரலைக்) கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும், கடைசியாக வந்ததை அல்ல. நீங்கள் இப்போது தொடங்கிய வேலைக்காக, பக்கத்து மேசைக்காரர் மூன்று நாளாக ஓட்டிய கணக்கு ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடும். அதனால் தேவையை முன்பே கணக்கிடுங்கள். 50,000க்கு 50,000 அணி, ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் 20 ஜிபி. நிரலில் ஓரிடத்தில் அதை நகலெடுத்தால் 40.

இன்னொரு பொறி நம்பை (NumPy), பைத்தானின் அணிக் கணக்கு நூலகம். பல கணினிகளில் அதன் அணிக் கணக்குகள் கேட்காமலே எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும். 32 கோர் சர்வரில் அப்படி 8 நிரல் ஓட்டினால் 256 திரெட் (இணையாக ஓடும் இழை) முட்டிக்கொள்ளும். எல்லாம் ஊர்ந்து போகும். ஓஎம்பி நம் திரெட்ஸ் (OMP_NUM_THREADS; மாறிப் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில்) என்ற சூழல் மாறியை 4 என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

3. ஜிபியு

ஜிபியு என்பது பெரிய கணக்குகளை வேகமாகச் செய்யும் தனி அட்டை. அதன் நிலையைப் பார்க்க என்விடியா-எஸ்எம்ஐ தட்டுங்கள். மெமரி 18 ஜிபி, பயன்பாடு 0% என்று தொடர்ந்து காட்டினால், யாரோ ஜூப்பிட்டர் நோட்புக்கை (பிரவுசரில் நிரல் எழுதி ஓட்டும் பக்கத்தை) மூடாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிரவுசர் டேபை மூடினால் நோட்புக்கின் பின்னால் ஓடும் நிரல் (இதையும் கர்னல் என்பார்கள், லினக்ஸ் கர்னல் வேறு) நிற்காது. ‘ஷட் டவுன்’ கொடுக்க வேண்டும். நீங்களாக அவருடையதைக் கொல்ல முயலாதீர்கள், கேளுங்கள்: “சேட்டா, 2-வது ஜிபியுவில உங்க நோட்புக் 18 ஜிபி பிடிச்சிருக்கு, நிறுத்திக்கலாமா?”

உங்களுக்கான ஜிபியுவை கூடா (என்விடியா ஜிபியுவில் நிரல் ஓட்டும் மென்பொருள்) விசிபிள் டிவைசஸ் (CUDA_VISIBLE_DEVICES) மாறியில் குறியுங்கள். எண் 0-விலிருந்து தொடங்கும். வெவ்வேறு மாடல் அட்டைகள் இருந்தால் கூடாவின் வரிசையும் என்விடியா-எஸ்எம்ஐ வரிசையும் மாறலாம். கூடா டிவைஸ் ஆர்டர் (CUDA_DEVICE_ORDER) மாறிக்கு பிசிஐ பஸ் ஐடி (PCI_BUS_ID) என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் நூலகம் இயல்பிலேயே கண்ணுக்குத் தெரிகிற எல்லா ஜிபியுவின் மெமரியையும் ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும்; அதனால் இந்தப் படி கட்டாயம்.

4. ரயிலிலும் அறாத வேலை

வாளையாறு காட்டுக்குள் சிக்னல் போனால் எஸ்எஸ்எச் அறும். அதில் நேரடியாக ஓடிய நிரலும் பெரும்பாலும் சேர்ந்தே சாகும். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் தொடர்ந்து இருக்கும் டெர்மினல் டீமக்ஸ்; அதைத் திறந்து அதற்குள் ஓட்டுங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி விட்டு, டி தட்டினால் வெளியே வரலாம். டீமக்ஸ் அட்டாச் கொடுத்தால் விட்ட இடத்தில் இருப்பீர்கள்.

மின்சாரம் போனால் டீமக்ஸும் காப்பாற்றாது. ஐப்பசியில் பிற்பகல் இடிமழை, துலாவர்ஷம், இங்கே வழக்கம். யுபிஎஸ் தாங்குவது சில நிமிடம்தான். அரை மணிக்கு ஒருமுறை செக்பாயின்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர, அதுவரையிலான நிலையைச் சேமித்த கோப்பு) எழுதுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுங்கள். எழுதும் நடுவில் நின்றாலும் பழையது பிழைக்கும்.

5. டிஸ்க்

ஹோமில் (உங்கள் சொந்த ஃபோல்டர்) நிரல், ஸ்கிராட்ச்சில் (பெரிய தற்காலிகக் கோப்புகளுக்கான இடம்) தரவு. ஸ்கிராட்ச்சுக்குப் பெரும்பாலும் பேக்கப் கிடையாது. நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளை; அதில் மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போகும்.

ஓணம், பொங்கல் விடுமுறைக்குக் கிளம்பும் முன் டியு -எஸ்எச் ஓட்டி டிஸ்க்கில் நீங்கள் பிடித்திருக்கும் பங்கைப் பாருங்கள். டிஸ்க் 100% ஆனால் எல்லாருடைய செக்பாயின்டும் எழுத முடியாமல் நிற்கும், அதைச் சரிசெய்ய அன்று அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.