நண்பர்களோடு கோல்ஃப்: முதல் டீயிலேயே பேசிவிட வேண்டியவை

பதினெட்டாவது கிரீன் (குழியைச் சுற்றி ஒட்டக் கத்தரித்த புல்தரை). ஆட்டம் சமநிலையில் இருந்தது. என் ஜோடியின் பந்து குழியிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றது. இவ்வளவு அருகில் என்றால், அடிக்க வேண்டாம், உள்ளே விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று எதிரணி விட்டுக்கொடுப்பது உண்டு. எதிரணி நண்பரிடம் அவருடைய கேடி (மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) ஏதோ கேட்க, அவர் திரும்பிப் பார்க்காமலேயே "சரி" என்றார். அந்தச் "சரி" தனக்குச் சொல்லப்பட்டதாக நினைத்த என் ஜோடி, குனிந்து பந்தை எடுத்துவிட்டார். "நான் எங்கே கொடுத்தேன்?" என்று ஒருவர், "நீங்கள்தானே சரி என்றீர்கள்!" என்று மற்றவர். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து ஆடும் நான்கு பேர், அன்று காபிகூடக் குடிக்காமல் கலைந்தோம்.

விதிப் புத்தகத்தில் இதற்கு எளிய பதில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. மேட்ச் பிளேயில், எதிராளி சொன்னதை விட்டுக்கொடுத்ததாக ஒருவர் நியாயமான காரணத்தோடு தவறாகப் புரிந்துகொண்டு பந்தை எடுத்துவிட்டால், அபராதம் கிடையாது. பந்தை இருந்த இடத்தில் திரும்ப வைத்து ஆட வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

நண்பர்கள் ஆடும் கோல்ஃபில் நடுவர் இல்லை. நால்வரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் நான்கு மணி நேரம் நடக்கிறோம். அந்த நம்பிக்கை குலைவது பெரும்பாலும் ஏமாற்று வேலையால் அல்ல. முதல் டீயில், அதாவது முதல் ஷாட்டை அடித்துத் தொடங்கும் இடத்தில், பேசாமல் விட்ட சின்ன விஷயங்களால்தான்.

முதலில், எந்த ஆட்டம் ஆடுகிறோம் என்று முடிவு செய்யாமலே தொடங்குவது. மேட்ச் பிளேயில் ஒவ்வொரு குழியும் தனிப் போட்டி. ஒரு குழியில் பங்கருக்குள் (மணல் பள்ளத்துக்குள்) நான்கு ஷாட் வீணானாலும் இழப்பது அந்தக் குழியை மட்டுமே. ஸ்ட்ரோக் பிளேயில் எல்லா ஷாட்டும் சேர்ந்த மொத்தக் கணக்கு; அந்த நான்கும் கடைசிவரை கூடவே வரும். குட்டி பட்டை (கிரீனில் குழியை நோக்கிப் பந்தை உருட்டும் ஷாட்டை) விட்டுக்கொடுப்பது மேட்ச் பிளேக்கு மட்டுமே உரியது. ஸ்ட்ரோக் பிளேயில் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் மனதில் வைத்து ஆடினால், ஒன்பதாவது குழியைத் தாண்டுவதற்குள் குழப்பம் வந்துவிடும்.

திறமையில் ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள குழுவுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது ஸ்டேபிள்ஃபோர்ட் முறை. இங்கிலாந்தில் காற்று பலமாக வீசும் வாலசி கடலோரத் திடலில், டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932இல் இதைப் போட்டியாக அறிமுகப்படுத்தினார். ஹேண்டிகேப்பைக் (திறமைக்கு ஏற்பத் தரும் சலுகை ஷாட்களை) கழித்த பின் பார் (அந்தக் குழிக்கு வகுத்த ஷாட் எண்ணிக்கை) அடித்தால் 2 புள்ளி, போகிக்கு (ஒன்று கூடுதல்) 1, பர்டிக்கு (ஒன்று குறைவு) 3. போகியைவிட மோசமாகப் போனால் பூஜ்யம். ஒரு குழி கெட்டதற்காக நாள் முழுவதும் கெடுவதில்லை. புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துப் பையில் போட்டுவிடலாம் என்பதால் பின்னால் வருபவர்களும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது ஹேண்டிகேப். நட்பு முறியும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். "எனக்கு ஒரு பதினெட்டு இருக்கும்" என்று நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு ஆடக் கிளம்புவது பலரின் வழக்கம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் சராசரியிலிருந்து உங்கள் எண் வருகிறது. அதுவும் திடலின் கடினத்துக்கு ஏற்ப மாறும். உங்கள் ஊர்த் திடலில் 16 பெறுபவர், பள்ளமும் மேடுமான ஒரு மலைத் திடலுக்குப் போனால் 18கூடப் பெறலாம். ஆகவே முதல் டீக்குப் போகும்முன் அன்றைய திடலுக்கான எண்ணை நால்வரும் பார்த்து, ஸ்கோர்கார்டில் எழுதிவிட வேண்டும்.

இருவர் மோதும்போது கணக்கு எளிது. ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 21 என்றால் வித்தியாசம் 12. கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளுக்கு ஸ்ட்ரோக் தரும் வரிசை) 1 முதல் 12 வரை எண்ணிட்ட குழிகளில் இரண்டாமவருக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக் சலுகையாகக் கிடைக்கும். ஜோடி சேர்ந்து, இருவரில் நல்ல ஸ்கோரை எடுத்துக்கொள்ளும் ஃபோர்பாலில்தான் தவறு நடக்கிறது. அங்கே முழு ஹேண்டிகேப் தரக் கூடாது. மேட்ச் பிளேயில் 90 விழுக்காடு தருவதுதான் பரிந்துரை. ஹேண்டிகேப் அதிகமுள்ளவரின் ஆட்டம் குழிக்குக் குழி ஏறி இறங்கும். ஜோடி ஆட்டத்தில் அவருடைய மோசமான குழிகளை மற்றவர் மூடிவிடுவார், நல்ல குழிகள் மட்டும் கணக்கில் ஏறும். அந்தச் சாதகத்தைச் சரிசெய்யவே இந்தக் கழிவு. நால்வருக்கும் 8, 14, 18, 24 என்றால், 90 விழுக்காட்டில் அவை 7, 13, 16, 22 ஆகும். மிகக் குறைந்தவரைப் பூஜ்யமாக வைத்தால் மற்றவர்களுக்கு 6, 9, 15. இதை வண்டி நிறுத்துமிடத்திலேயே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். பதினாறாவது குழியில், "இங்கே உனக்கு ஸ்ட்ரோக் உண்டா, இல்லையா?" என்று கேட்கத் தொடங்கினால் அது விசாரணையாகிவிடும்.

விட்டுக்கொடுக்கும் பட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், ராயல் பர்க்டேல் திடலின் பதினெட்டாவது கிரீன். அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் தன் பட்டை உள்ளே தள்ளிய பிறகு, பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் ஒரு பட் மீதமிருந்தது. தவறினால் பிரிட்டனுக்குத் தோல்வி. நிக்லாஸ் அந்தப் பட்டை விட்டுக்கொடுத்தார். போட்டி 16க்கு 16 என்று, ரைடர் கோப்பையின் வரலாற்றில் முதல் முறையாகச் சமனில் முடிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் போட்டியில் யார் எத்தனை பர்டி அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு பட் தெரியும்.

நம் ஆட்டங்களில் நடப்பது வேறு. முதல் ஐந்து குழிகளில் மூன்றடி பட்டுகளையெல்லாம் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பதினேழாவதில் ஒன்றரை அடிக்கு வாய் திறக்காமல் நிற்பது. கொடுக்காமலிருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காலையிலிருந்து பழக்கிவிட்ட அளவைக் கடைசியில் சுருக்கினால், எதிராளி அதைக் கணக்காக அல்ல, அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கறாராக இருப்பது எவ்வளவோ மேல். கொடுப்பதானால், "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முகம் பார்த்து, கேட்கும்படி சொல்ல வேண்டும். தலையாட்டலும் "சரி"யும் போதா. ஒரு முறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, பெறுபவர் மறுக்கவும் முடியாது. ஃபோர்பாலில் இன்னொரு நுட்பம் உண்டு: கொடுக்கப்பட்ட பட்டை, அதே கோட்டில் ஆடவிருக்கும் தன் கூட்டாளிக்கு வழி காட்டுவதுபோல் அடித்துப் பார்த்தால், அந்தக் குழியில் கூட்டாளியின் ஸ்கோர் செல்லாது.

நடு ஆட்டத்தில் பாடம் நடத்துவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. புதிதாக ஆட வந்தவர் இரண்டு பந்தை ரஃபுக்குள் (உயர்ந்த புல்லுக்குள்) அடித்துவிட்டால் போதும், மூவரும் ஆசிரியர்களாகிவிடுவார்கள். தலையைத் தூக்காதே என்பார் ஒருவர், பிடியை மாற்று என்பார் இன்னொருவர், இடுப்பைத் திருப்பு என்பார் மூன்றாமவர். அந்த மனிதருக்கு அதற்கு மேல் பந்தே கண்ணுக்குத் தெரியாது. இப்படி வந்த சிலர் திரும்பி வராமலே போனதைப் பார்த்திருக்கிறேன். விதியும் இதற்கு எதிராகத்தான் இருக்கிறது: உங்கள் ஜோடிக்கும் கேடிக்கும் வெளியே யாரிடமும் ஆலோசனை கேட்கவோ, யாருக்கும் சொல்லவோ கூடாது. "எந்த கிளப்பில் (மட்டையில்) அடித்தீர்கள்?" என்று எதிராளியிடம் கேட்டாலே மேட்ச் பிளேயில் அந்தக் குழி போய்விடும். கொடிக்கு எத்தனை தூரம், பங்கர் எங்கே, விதி என்ன என்பவை ஆலோசனையில் சேரா. அவற்றைத் தாராளமாகச் சொல்லி உதவலாம். ஸ்விங்கைப் பற்றிப் பேச ஆசையிருந்தால், ஆட்டம் முடிந்த பிறகு, அவரே கேட்டால், பயிற்சித் திடலில் பேசுங்கள்.

கேடியை நடுவராக்குவதும் அதே அளவுக்குத் தவறு. "பந்து கோட்டுக்கு வெளியேதானே இருந்தது, சொல்லப்பா" என்று ஒருவர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? இவரிடமும் நாளை வேலை வேண்டும், எதிரில் நிற்பவரிடமும் வேண்டும். நம் தகராறை அவர் தலையில் ஏற்றக் கூடாது. தப்பான கிளப்பைக் கொடுத்தார் என்று எல்லோர் முன்னும் அவரைக் கடிந்துகொள்வதும் வேண்டாம். அதைக் கையில் வாங்கி அடித்தவர் நாம். கூலியைத் தொடங்கும்முன்பே பேசிவிடுங்கள். தோற்ற நாளில் அன்பளிப்பு குறைவதும் முறையல்ல.

நேர விரயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு, தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான். முன்பு 5 இருந்தது. ஸ்ட்ரோக் பிளேயில் தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம். பந்து தொலைந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்ததும் "ப்ரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. பந்தில் பேனாவால் ஒரு குறி போட்டு வையுங்கள். ஒரே கடையில் வாங்கிய ஒரே எண் பந்துகள் ரஃபில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் யாருடையது எது? மேட்ச் பிளேயில் பிறர் பந்தை அடித்தால் குழி பறிபோகும். சரியாக விழாத முதல் ஷாட்டை மறுபடி அடிக்கும் முல்லிகன் விதியில் இல்லாதது. எல்லோரும் ஒப்புக்கொண்டால் முதல் டீயில் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுற்றை ஹேண்டிகேப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விருந்தினராக வேறு திடலுக்குப் போகும்போது ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் உள்ளூர் விதிகளைப் படிக்காமல் ஆடுவது இன்னொரு பிழை. கொழும்பின் ராயல் கோல்ஃப் கிளப் திடலுக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் காட்டெருமைகள் ஃபேர்வேயில் (புல் கத்தரித்த ஆட்டப் பாதையில்) மேயும். கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தைச் சரிசெய்துகொள்ள பொது விதியே அனுமதிக்கிறது. ஃபேர்வேயில் அதே தடத்துக்குள் பந்து கிடந்தால், உள்ளூர் விதி இடம் தந்தாலொழிய இலவசமாக நகர்த்த முடியாது. எருமை வழியில் நின்றால் காத்திருங்கள், அல்லது அந்தக் குழியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மின்னல் விஷயத்தில் விளையாட்டே கூடாது. 1975இல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓப்பனில் அமெரிக்க வீரர் லீ டிரெவினோவை மின்னல் தாக்கியது. முதுகு பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை வரை போனது. நம் ஊர்களில் கோடை மதியங்களிலும் வடகிழக்குப் பருவத்தின் தொடக்கத்திலும் இடி மழை சட்டென்று இறங்கும். இன்னும் இரண்டு குழிதானே என்று ஒருவர் சொன்னால், மற்ற மூவரும் மறுக்க வேண்டும். மின்னல் ஆபத்து என்று கருதினால் ஆட்டத்தை நிறுத்த விதியே அனுமதிக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல், குடை பிடித்து நடக்காமல், கிளப் கட்டிடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. நான்கு குழி முன்னிலை, மீதம் மூன்று என்ற நிலையில் ஆட்டம் பதினைந்தாவது கிரீனிலேயே முடிந்துவிடும். தோற்றவர் சோர்ந்துபோய் மீதியை ஏனோதானோ என்று அடிப்பார், வென்றவர் செல்பேசியை எடுத்துவிடுவார். இந்த மூன்று குழிகளுக்குக் கோல்ஃபர்கள் 'பை' (bye) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய கணக்கை அங்கேயே மூடிவிட்டு, பதினாறாவது டீயில் பூஜ்யத்திலிருந்து புதுப் போட்டி தொடங்கும். பந்தயம் காபியும் வடையும். பதினைந்து குழிகளில் தோற்றுக்கொண்டே வந்தவர் இந்த மூன்றில் இரண்டை வென்று, வடைக்கான பணத்தை எதிரணியிடம் வசூலிப்பதை எங்கள் குழுவில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.