எலும்பு ரசம் வைக்கிறீங்களா, இதைப் படிச்சுட்டு வைங்க

எலும்பு ரசம் சரியாக வந்ததா என்று பார்க்க நாக்கே தேவையில்லை. ஒரு கிண்ணம் எடுத்து ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் தளதளவென்று உறைந்து நின்றால் எலும்பிலிருந்து வர வேண்டியது வந்துவிட்டது. தண்ணீராகவே ஓடினால் நீங்கள் வைத்தது வெறும் மிளகு ரசம், எலும்பு அதில் குளித்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

உறைய வைப்பது ஜெலட்டின். எலும்பு, ஜவ்வு, மூட்டுக் குருத்து எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது, ஈரச் சூட்டில் நிதானமாக வேகும்போது அதுதான் ஜெலட்டினாக மாறிச் சாறில் இறங்குகிறது. அதனால் வேலை பாதி கறிக்கடையிலேயே முடிந்துவிடும். நிறையப் பேர் நல்லி எலும்பை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். நல்லிக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு, உறிஞ்ச ருசி, ஆனால் சாறு கெட்டியாக அது மட்டும் போதாது. மூட்டும் நெஞ்செலும்பும் வேண்டும். "ஏனுங்ணா, நல்லி ரெண்டு, நெஞ்செலும்பு, முட்டியும் சேத்திப் போடுங்க, ரொம்ப நொறுக்கிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நொறுக்கிய எலும்பில் சில்லு சில்லாக உதிர்ந்து குழந்தைகள் தொண்டையில் குத்தும். வெள்ளாடா, மேச்சேரி செம்மறியா என்று கேட்டால் என் ஓட்டு வெள்ளாட்டுக்கு, வாசம் குறைவு. அதைவிட முக்கியம் இளசாக இருப்பது, இளம் ஆட்டில் குருத்து அதிகம்.

அரைக் கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். எலும்பைக் கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் மெதுவாகச் சூடேற்றுங்கள், கொதிதண்ணீரில் நேராகப் போடாதீர்கள். கொதி வரும் முன் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கும், அது உறைந்த புரதம்தான், விஷம் கிஷம் ஒன்றும் இல்லை, ஆனால் எடுக்காவிட்டால் சாறு கலங்கிப் போகும். கரண்டியால் வழித்துவிட்டு, விரலி மஞ்சளைத் தட்டி ஒரு சிட்டிகை (ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு பாக்கெட் தூளைத் தேடிப் போகாதீர்கள்), ஒரு தக்காளி, நசுக்கின சின்ன வெங்காயம் ஒரு கை போட்டுக் குக்கரை மூடுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து நாற்பது நிமிஷம். ஆட்டுக்கால் என்றால் ஒரு மணி நேரம். விசிலை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும், கடிகாரத்தைப் பாருங்கள். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, குக்கருக்குள் 120 டிகிரி பக்கம் போகும், அதனால்தான் விறகடுப்பில் மூன்று நாலு மணி நேரம் ஆகிற வேலை இதில் சீக்கிரம் முடிகிறது. மண்சட்டியில் வைத்தால்தான் ருசி என்று அம்முச்சிகள் சொல்வார்கள், நேரம் இருக்கிறவர்கள் வையுங்கள்.

செலவு சாமானை முதலிலேயே கொட்டிவிடாதீர்கள். இதில்தான் பலருடைய ரசம் கெடுகிறது. மிளகும் சீரகமும் ஒரு மணி நேரம் கொதித்தால் வாசம் எல்லாம் வீட்டுக்குள் சுற்றும், டம்ளரில் இருக்காது. எலும்பு வெந்த பிறகு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு ஸ்பூன் மல்லி விதை, இரண்டு வரமிளகாய், ஏழெட்டுப் பல் பூண்டு, விரல் நுனி அளவு சுக்கு எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரப்பாகத் தட்டுங்கள். சளி பிடித்த வீடென்றால் ஒரு திப்பிலி சேர்க்கலாம். நல்லெண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தட்டினதை அதில் ஒரு பிரட்டுப் பிரட்டி, எலும்போடு சாறை ஊற்றிப் பத்து நிமிஷம் கொதித்தால் போதும். கல்லுப்பு கடைசியில்தான், முதலில் போட்டால் சாறு சுண்டச் சுண்டக் கரித்துவிடும். தேங்காய், கசகசா அரைத்து ஊற்றினால் குழம்பாகிவிடும், ஒரம்பரை (விருந்தாளி) வந்திருந்தால் அப்படிச் செய்துகொள்ளுங்கள், ரசத்துக்கு வேண்டாம்.

எலும்பு ரசம் குடித்தால் எலும்புக்குக் கால்சியம் ஏறும் என்று கால் உடைந்தவர்களுக்கு வாளி வாளியாக வைத்துக் கொடுக்கிறார்கள். கொடுங்கள், தெம்பாக இருக்கும், ஆனால் கால்சியம் எலும்போடவே தங்கிவிடுகிறது, சாறில் இறங்குவது ரொம்பக் கம்மி. ஒரு டம்ளர் பாலுக்குக் கிட்டக்கூட வராது. கால்சியம்தான் வேண்டுமென்றால் ராகிக் களி கிண்டிப் போடுங்கள், நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேலே இருக்கிறது, அந்தக் களிக்கு இந்த ரசத்தை ஊற்றிக்கொள்ளலாம், ரெண்டும் ஜோராகச் சேரும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

மிச்சம் இருந்தால் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்துவிடுங்கள். மேலே வெள்ளையாகப் படியும் கொழுப்பை வழித்து எடுத்துவிடலாம், முட்டை பொரிக்க அருமையாக இருக்கும்.

வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். வெந்தது கூராகச் சில்லு விட்டு உடையும், குடலைக் குத்திவிடும். காய வைத்து இடித்துச் செடிக்குப் போடலாமா என்றால், எலும்புத்தூளில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருப்பது உண்மைதான், ஆனால் அது கரைந்து வேருக்குப் போக மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும், நீலகிரித் தோட்டத்துக்குச் சரி. கீழே நம்ம பக்கம் தோண்டினால் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) வருகிற புளிப்பில்லாத காட்டு நிலங்கள்தான் ஏராளம், அந்த மண்ணில் போட்டது போட்டபடி கிடக்கும். தொட்டியில் தொழுவுரத்தோடு கலந்து போட்டால் கொஞ்சம் பலன் தெரியும், நல்ல ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் தெருநாய் வந்து செடியோடு சேர்த்துப் பறித்துப் போட்டுவிடும்.