கண்மாய்க் கரையில் ஒரு தூண்டில், ஒரு பைனாகுலர்

மீன் பிடிக்கப் போகிறவர்கள் பறவையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பறவை பார்க்கப் போகிறவர்களுக்குத் தூண்டிலைக் கண்டாலே முகம் சுண்டிப்போகிறது. இரண்டையும் ஒரே காலையில், ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யலாம் என்பது என் கட்சி. சேர்த்துச் செய்தால்தான் இரண்டுமே உருப்படும் என்று கூடச் சொல்வேன், ஏனென்றால் எந்த ஓரத்தில் எவ்வளவு ஆழத்தில் மீன் நிற்கிறது என்பது கரையில் நிற்கும் நமக்குத் தெரியாது, அங்கேயே பிழைப்பு நடத்துகிற பறவைக்குத் தெரியும்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கண்மாய்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வடக்கே போனால் இதுவே ஏரி, திருநெல்வேலிப் பக்கம் குளம், பேர்தான் வேறு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள், நாரையே ஒரே மூச்சில் கடக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று அர்த்தம். அவ்வளவு பெரியது தேவையில்லை. ஆரம்பிக்கிறவருக்குச் சின்னக் கண்மாய்தான் நல்லது, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கண்மாய் ஊர்ப்பொது மாதிரி தெரிந்தாலும் மீன்பாசிக் குத்தகை யாருக்காவது போயிருக்கும். குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறவர் அவர். டீக்கடையில் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவார்கள், நேரில் போய் "அண்ணே, ஒத்தைத் தூண்டில் போட்டுக்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். வலை இல்லை, ஒரே ஒரு தூண்டில் என்று தெரிந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பைனாகுலரை மட்டும் எடுத்துக்கொண்டு கரையில் நடங்கள். சரணாலயங்களில் தூண்டில் பேச்சே எடுக்கக் கூடாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி (1977-லிருந்து சரணாலயம், பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை), ராமநாதபுரத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலசெல்வனூர், நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம், இங்கெல்லாம் பார்க்க மட்டும் போங்கள்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறையும். நிறைந்த புதிதில் தண்ணீர் கலங்கி, மீனும் பரவிக் கிடக்கும், தூண்டிலுக்கு அவ்வளவு தோதில்லை. மார்கழி, தை, மாசி மூன்றும்தான் பொற்காலம். வலசை வாத்துகள் வந்து இறங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், வெயிலும் கொல்லாது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்ற வற்ற மீன் ஓரிடத்தில் சேரும், நாரைகளும் சேரும். அப்புறம் ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் மொத்த ஊரும் ஊத்தாவோடும் (அடியில்லாத கூடை) கச்சாவோடும் (வலை) இறங்குகிற மீன்பிடித் திருவிழா நடக்கும், அதோடு அந்த வருஷக் கணக்கு முடிந்தது. நேரம் என்று பார்த்தால் விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை, பிறகு சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுப்பகலில் மீனும் கடிக்காது, பறவையும் கருவேல மரத்தில் தூங்கும்.

சாமான்களுக்கு ரொம்பச் செலவழிக்காதீர்கள். நேரான மூங்கில் கம்பு, ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, 0.25 மில்லிமீட்டர் இருந்தால் சின்ன மீனுக்குத் தாராளம். தூண்டில் முள் வாங்கும்போது நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும் என்பதை ஞாபகம் வையுங்கள், கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் 10-ஆம் நம்பர் சரியாக இருக்கும். தக்கைக்கு (நரம்பில் கட்டுகிற மிதவை) சோளத்தட்டையின் உள்நெட்டி போதும், பழைய ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் அளவுக்குக் கிழித்த துண்டு அதைவிட நல்லது, ஊறாது. இரைக்கு மண்புழு. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைக் கிளறினால் கிடைப்பதை அதே மண்ணோடு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். புழு பிடிக்கக் கூச்சம் என்றால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டிக்கொள்ளலாம், ஜிலேபி அதற்கே வரும். பைனாகுலர் என்றால் 8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர், காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். கூடுதல் மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், அதனால் ஆசைப்படாதீர்கள்.

சரி, கண்மாய்க்கு வந்தாயிற்று. உடனே கம்பைப் பிரிக்காதீர்கள். கரைமேல் ஏறி, பின்னாலிருந்து வெயில் அடிக்கிற மாதிரி நின்று, கால்மணி நேரம் பறவைகளை மட்டும் பாருங்கள். இந்தக் கால்மணி நேரத்தைத்தான் எல்லோரும் வீணடிப்பதாக நினைக்கிறார்கள்.

மடையான் நிற்கிற இடத்தில் கணுக்கால் தண்ணீர்தான், அங்கே பொடிமீன் மட்டும். மஞ்சள் மூக்கு நாரை நடக்கிற இடம் முழங்கால் ஆழம். அது மீன் பிடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே ஒரு காலால் சேற்றைக் கலக்கும். மிரண்டு ஓடுகிற மீன் அலகில் பட்டால் டப்பென்று மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதே இல்லை, தொட்டுணர்ந்துதான் பிடிக்கிறது, அதனால் கலங்கல் தண்ணீரிலும் அதற்குக் கவலையில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று, அப்படியே தலைகீழாக விழுந்தால் அங்கே மேல்மட்டத்தில் பொடிமீன் கூட்டம் இருக்கிறது, அதைத் தின்னப் பெரிய மீனும் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். நீர்க்காகங்கள் இருபது முப்பது சேர்ந்து வரிசையாக முங்கி முங்கி நகர்ந்தால் ஆழத்தில் மீன் கூட்டம் நகர்கிறது. அதன் பின்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், பத்து நிமிஷத்தில் அது எதிர்க்கரையில் இருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப முங்குகிறதா, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பட்டுப்போன மரமோ மூழ்கிய புதரோ உள்ளே இருக்கும், மீன் அங்கேதான் ஒண்டும்.

ஏமாற்றுகிற பறவைகளும் உண்டு. நத்தைகுத்தி நாரை நூறு நின்றாலும் அது நத்தைக்காக நிற்கிறது. அரிவாள்மூக்கன் சேற்றுப் பூச்சிக்கு, உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பின்னால். கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து புல்லையும் தானியத்தையும் தின்கிறது. கூட்டத்தைப் பார்த்ததும் மீன் என்று நம்பி நான் ஒரு காலை முழுக்க நத்தைக் காட்டில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் முடிவானதும் ஒரு சிக்கல் வரும். பறவை பார்க்க வெயில் முதுகில் விழ வேண்டும், ஆனால் முதுகில் வெயில் விழுந்தால் உங்கள் நிழல் முன்னால் தண்ணீரில் நீளும், மீன் நகர்ந்துவிடும். நின்றுகொண்டே பிடிக்கிறவர்களுக்கு ஒன்றும் மாட்டாததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு மரத்தடியில் தரையோடு தரையாக உட்காருங்கள், மர நிழலுக்குள் உங்கள் நிழல் கரைந்துவிடும், பறவைக்கும் நீங்கள் ஒரு புதர் மாதிரி ஆகிவிடுவீர்கள். பழுப்பு, பச்சைச் சட்டை, சைலண்டில் போட்ட போன். முதல் இருபது நிமிஷம் எதுவும் பக்கத்தில் வராது. அதற்குப் பிறகு இலைக்கோழி தாமரை இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பிப் பரப்பி உங்களைப் பார்த்தே நடந்து வரும்.

ஆழம் அளக்க, இரை இல்லாமல் ஈயக்குண்டோடு போட்டுப் பாருங்கள். தக்கை மல்லாந்து படுத்தால் குண்டு தரையில் கிடக்கிறது, நரம்பு அதிகம், தக்கையைக் கீழே இறக்குங்கள். தக்கை முழுசாக முங்கினால் ஆழம் இன்னும் இருக்கிறது, மேலே ஏற்றுங்கள். கெண்டைக்கு இரை தரையிலிருந்து நாலு விரல் மேலே தொங்கட்டும், கெளுத்திக்குத் தரையில் கிடக்கட்டும்.

தக்கையைப் படிப்பது தனி வித்தை. ஜிலேபி புழுவை நுனி நுனியாகக் கடிக்கும், தக்கை படபடவென்று துடிக்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். துடிப்பு நின்று தக்கை மெதுவாகப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கெண்டை சில சமயம் இரையோடு மேலே வரும், நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று படுத்துவிடும், அதுவும் கடிதான். கெளுத்தி யோசிப்பதே இல்லை, ஒரே இழுவையில் தக்கையை உள்ளே கொண்டுபோய்விடும். கெளுத்தியைக் கையில் எடுக்கும்போது நிதானம். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூன்றையும் விறைத்துக்கொண்டுதான் வெளியே வரும். குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும். ஈரத்துணியால் தரையோடு அமுக்கி, வயிற்றுப் பக்கமாகப் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

விரால் வேறு கதை. அது காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன், பாசி ஓரத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் வட்டமான அலையும் எழுந்தால் அதுதான். இதற்கு மட்டும் 0.40 நரம்பும் ரப்பர் தவளையும் வைத்துக்கொண்டு பாசிமேல் தத்தித் தத்தி இழுத்து வாருங்கள். உயிர்த்தவளை வேண்டாம். தண்ணீர் மட்டத்தில் செந்நிறமாகக் கொப்பளிக்கிற மாதிரி ஒரு கூட்டம் தெரிந்தால் அது விரால் குஞ்சுகள், கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். கோபத்தில் எதைப் போட்டாலும் பாயும், பிடிப்பது சுலபம். பிடிக்காதீர்கள். பெரியது போன ஐந்து நிமிஷத்தில் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

தேவைக்கு மேல் உள்ளதையும் பொடியையும் கை நனைத்துப் பிடித்துத் திரும்ப விடுங்கள், காய்ந்த கையில் மீனின் வழவழப்பு உரிந்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்ப விடாதீர்கள், வளர்க்கவே தடை உள்ள மீன் அது, நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்க்கும். ஆமை மாட்டினால் இழுத்துக் கரையேற்றி வேடிக்கை பார்க்காமல், முள் எளிதில் கழன்றால் கழற்றி, இல்லையென்றால் நரம்பை முள்ளை ஒட்டி வெட்டி, உடனே விடுங்கள். வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது.

தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளம் உள்ளே எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர் அடுத்த அடியில் ஆள் மட்டத்துக்கு முங்கிவிடுவார். திறந்திருக்கும் மடைப்பக்கமும் போகாதீர்கள். தண்ணீர்ப்பாம்பு கடித்தால் விஷம் கிடையாது, ஆனால் கரைப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், காலைத் தட்டித் தட்டி வையுங்கள். கடித்தது எதுவென்று தெரியாவிட்டாலும் நேராக அரசு ஆஸ்பத்திரிதான், கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம்.

கடைசியாக நரம்பு. கருவேல மரத்தில் சிக்கினால் அறுத்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம், நானும் செய்திருக்கிறேன். ஒரு மாசிக் காலையில் கலிங்கு (உபரித் தண்ணீர் வழிகிற இடம்) ஓரத்தில் ஒரு மடையான் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. யாரோ விட்டுப்போன நரம்பு இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றி, ஒரு விரல் கறுத்துப்போயிருந்தது. துண்டைப் போட்டுத் தலையை மூடியதும் அடங்கிவிட்டது, ஆனால் வெட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை, பல்லால் கடித்துத்தான் நரம்பை அறுத்தேன். அலகு கண்ணைக் குத்தும் தூரத்தில் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து புழு டப்பாவோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சிக்கிய நரம்பை எட்டுகிற வரை வெட்டி எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.