ஃபிட்ஸ்ராயின் பணிவாழ்க்கையை மேடையில் சொல்வது எப்படி

கடலூர் துறைமுக அலுவலகத்தில் நான் பார்த்த வேலைகளில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு முதுநகர், தேவனாம்பட்டினம் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் தயார் செய்கிறேன். 'கடற்படையிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்த ஒருவர்' என்று தலைப்பு வந்தால் நான் எடுத்துக் கொடுக்கும் ஆள் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். கப்பல் தலைவராக இருந்து, நாடாளுமன்ற உறுப்பினராகி, நியூசிலாந்து ஆளுநராகி, கடைசியில் லண்டனில் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் வானிலைத் துறையைத் தொடங்கியவர். பத்து நிமிடப் பேச்சாக அந்த வாழ்க்கையை எப்படி அமைப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். வேறு எந்த அதிகாரியின் வாழ்க்கைக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை, பிறப்பு வளர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் அவர் வகித்த பதவிகளை மட்டும் வரிசையாக எழுதுவது. ஒவ்வொரு பதவிக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இவருக்கு ஆணையிடுபவர் யார்? இவர் சொன்னால் கேட்டே ஆக வேண்டியவர்கள் யார்? செலவுக்குப் பணம் யார் கையில்? இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தாலே பேச்சின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். பல பிள்ளைகள் விக்கிப்பீடியாவிலிருந்து ஆண்டுகளை அள்ளி வந்து ஒப்பிக்கிறார்கள். ஆண்டு தேவைதான். ஆனால் ஒரு பதவியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அந்த மனிதர் கையில் என்ன குறைந்தது, என்ன கூடியது என்று சொன்னால்தான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஃபிட்ஸ்ராய்க்கு அந்தத் தாளை நிரப்பிப் பார்ப்போம். 1805இல் பிறந்தார், பிரபுக் குடும்பம். 1818இல், பன்னிரண்டு வயதில், போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண். 1828இல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் அளவைப் பணியில் இருந்த பீகிள் கப்பலின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் மனமுடைந்து இறந்துபோக, 23 வயதில் அந்தக் கப்பல் இவர் கைக்கு வந்தது. இதெல்லாம் ஒரு நிமிடம் போதும்.

அடுத்த ஒரு நிமிடத்தை 1829க்குக் கொடுங்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில், பிளேட் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மால்டொனாடோ அருகே, பாம்பெரோ என்கிற திடீர்ப் பெருங்காற்று பீகிளைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். காற்றழுத்தமானி முன்கூட்டியே இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் தக்க நேரத்தில் பாய்களைச் சுருக்கவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கே இருக்கிறது. கருவி பேசியது, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இந்த வரியைப் பேச்சில் அழுத்திச் சொல்லச் சொல்வேன். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம், உடனே புரிந்துவிடும்.

இப்போது ஒரு எச்சரிக்கை. டார்வின் வந்துவிடுவார். 1831 டிசம்பர் 27 அன்று கிளம்பி 1836 அக்டோபரில் திரும்பிய பீகிளின் இரண்டாம் பயணத்தில் டார்வின் இருந்தார் என்பதால், பேச்சு முழுவதும் ஆமையும் குருவியுமாகப் போய்விடும். விடாதீர்கள். நம் ஆள் ஃபிட்ஸ்ராய். அந்தப் பயணத்தில் அவர் 22 கால அளவிகளை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றினார். எதற்கு? கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்க்கக்கோட்டைத் துல்லியமாகக் கணிக்க. அளவைப் பணி வேகமாக நடக்கத் தன் சொந்தப் பணத்தில் இன்னொரு சிறிய கப்பலை வாங்கினார். கடற்படைத் தலைமையகம் ஒப்புதல் தரவில்லை, விற்க வேண்டியதாயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொது வேலைக்குச் சொந்தப் பணம் போடுவது இவர் கடைசிவரை விடாத பழக்கம்.

பதவியையும் படிநிலையையும் குழப்பாமல் இருப்பதும் முக்கியம். 'டார்வினைக் கூட்டிப்போன அட்மிரல்' என்று ஒரு மாணவி பேசினால் நடுவர் அங்கேயே மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும். ஃபிட்ஸ்ராய் ரியர் அட்மிரல் ஆனது 1857இல், வைஸ் அட்மிரல் ஆனது 1863இல். இரண்டு முறையும் அவர் கடலில் இல்லை, லண்டன் அலுவலகத்தில் இருந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டன் ஆனவர்கள் பணிமூப்பு வரிசைப்படி மேலே போய்க்கொண்டே இருப்பார்கள், கப்பல் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே தாளில் படிநிலைக்கு ஒரு பத்தி, உண்மையில் பார்த்த வேலைக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வையுங்கள்.

1841இல் டர்ஹாம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். வணிகக் கப்பல்களின் தலைவர்களுக்கும் துணை அதிகாரிகளுக்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அப்போது அது நிறைவேறவில்லை, சில ஆண்டுகள் கழித்து அந்தக் கருத்து சட்டமாயிற்று. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

நியூசிலாந்துதான் பேச்சில் தடுமாற வைக்கும் பகுதி. 1843 டிசம்பரில் ஆளுநராக ஆக்லாந்தில் இறங்கினார். அவருக்கு முன் ஆளுநராக இருந்து இறந்துபோன வில்லியம் ஹாப்சனும் கடற்படைக்காரர்தான். மூன்று கேள்விகளையும் இங்கே கேட்டுப் பாருங்கள். ஆணை லண்டனிலிருந்து வருகிறது, கப்பலில் கடிதம் வந்து சேரவே பல மாதம். கருவூலம் காலி. படை மிகச் சொற்பம். குடியேறிய ஐரோப்பியர்களோ நிலம் வேண்டும் என்று நிற்கிறார்கள், அந்த மண்ணின் பழங்குடிகளான மாவோரிகள் எங்கள் நிலம் என்கிறார்கள்.

அவர் வருவதற்குச் சில மாதங்கள் முன், 1843 ஜூனில், வைராவ் பள்ளத்தாக்கில் நில அளவைத் தகராறு மோதலாகி 22 ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பழிவாங்க வேண்டும் என்று குடியேறியவர்கள் துடித்தார்கள். ஃபிட்ஸ்ராய் விசாரித்தார். நிலம் முறைப்படி வாங்கப்பட்டது என்று உறுதியாகும் முன்பே அளக்கப் போனது ஐரோப்பியர்களின் தவறு என்று தீர்ப்புச் சொன்னார். மாவோரித் தலைவர் தே ரௌபராஹா மீது நடவடிக்கை எடுக்கவில்லை. தன் இனத்தாரே சூழ்ந்து நின்று திட்டும்போது இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதை மனம் திறந்து பாராட்டுங்கள், தயங்க வேண்டாம்.

அதோடு நிறுத்தினால் பாதிக் கதை. காசில்லாத ஆளுநர் அனுமதியில்லாமல் கடன் பத்திரம் அச்சிட்டு அதைப் பணம் போலப் புழங்க விட்டார். சுங்க வரியை நீக்கினார். மாவோரிகளிடமிருந்து அரசு மட்டுமே நிலம் வாங்கலாம் என்ற விதியைத் தளர்த்தி, ஏக்கருக்குப் பத்து ஷில்லிங் கட்டணத்தில் நேரடியாக வாங்கலாம் என்றார். சில மாதங்களில் அதையே ஒரு பென்னியாகக் குறைத்தார். வடக்கே கொரோராரேகாவில் மாவோரித் தலைவர் ஹோனே ஹேக்கேயின் தரப்பினர் பிரிட்டிஷ் கொடிமரத்தை வெட்டினார்கள். மறுபடி நட்டால் மறுபடி வெட்டு. நான்காம் முறை, 1845 மார்ச் 11 அன்று, அந்த ஊரே சூறையாடப்பட்டது. அதே ஆண்டில் லண்டன் அவரைத் திருப்பி அழைத்தது, அவர் இடத்துக்கு ஜார்ஜ் கிரே வந்தார்.

இங்கே பிள்ளைகள் கேட்பார்கள், 'அவர் தோற்றாரா சார்?' என்று. என் கருத்தைச் சொல்கிறேன். கப்பலில் தலைவர் தீர்ப்புச் சொன்னால் அது உடனே நடக்கும், ஏனென்றால் அங்கே ஆளும் உண்டு, உணவும் உண்டு, சட்டமும் உண்டு. நியூசிலாந்தில் அவர் தீர்ப்பு நியாயமாக இருந்தது, அதைத் தாங்கிப்பிடிக்க எதுவுமே இல்லை. தோல்வி என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எது அவர் குற்றம், எது லண்டன் குற்றம் என்று பிரித்துச் சொன்னால் பேச்சுக்கு எடை வரும். நிலக் கட்டணத்தை அடிக்கடி மாற்றியது அவர் குற்றம். பணமும் படையும் தராமல் ஆளச் சொன்னது லண்டன் குற்றம்.

அப்புறம் வருவதுதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி. பத்தில் நான்கு நிமிடம் இதற்கே வையுங்கள்.

1854இல் வர்த்தக வாரியம் என்ற பிரிட்டிஷ் அரசுத் துறை வானிலைப் புள்ளிவிவரம் சேர்க்க ஒரு பதவியை உண்டாக்கி ஃபிட்ஸ்ராயை அமர்த்தியது. உதவிக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்கள். வேலை, கப்பல்களிடமிருந்து காற்று, அழுத்தம், வெப்பம் பற்றிய பதிவுகளை வாங்கித் தொகுப்பது. முன்னறிவிப்புச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஏழை மீன்பிடி ஊர்களுக்குக் காற்றழுத்தமானிகளைத் துறைமுகச் சுவரில் மாட்டக் கொடுக்க ஏற்பாடு செய்தார். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி, எது ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று எளிய குறிப்புகள் எழுதினார்.

1859 அக்டோபர் 26. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், ஊர் சேர ஒருநாள் ஓட்டம்கூட மீதமில்லாத நிலையில், வேல்சின் ஆங்கில்சி தீவுக் கரையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் சம்பாதித்த பொன்னோடு திரும்பியவர்கள் அதில் பலர். அதே புயலில் வேறு பல கப்பல்களும் மூழ்கின. ஃபிட்ஸ்ராய் அந்தப் புயலின் பதிவுகளைத் தேடி எடுத்து வரைபடமாக்கினார். புயல் நாட்டின் மீது நகர்ந்த வேகத்தைவிடத் தந்தி வேகமானது, முன்னால் இருக்கும் துறைமுகங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்க முடியும் என்று காட்டினார்.

அனுமதி கிடைத்தது. கடற்கரை நிலையங்களிலிருந்து காலையில் தந்தி வரும், அவர் பார்த்து முடிவெடுப்பார், ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி போகும். முதல் புயல் எச்சரிக்கை 1861 பிப்ரவரி 6 அன்று போனது. ஆகஸ்ட் 1 முதல் டைம்ஸ் நாளிதழில் அவருடைய வானிலை முன்னறிவிப்பு வரத் தொடங்கியது.

எச்சரிக்கை வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கறுப்புக் கான்வாஸ் கூம்போ உருளையோ ஏறும். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று. கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. உருளை என்றால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். இரவில் விளக்குகள். மேடையில் பேசும் பிள்ளை ஒரு கறுப்பு அட்டையைக் கூம்பாகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தால் போதும், பின்வரிசைவரை புரியும். நம் துறைமுகங்களின் முறை வேறு. இங்கே 1 முதல் 11 வரை எண்கள், பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். தொலைதூர எச்சரிக்கையில் தொடங்கிப் பத்தாம் எண் பெரும் அபாயம்வரை போய், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிய பிறகு, 1865இல் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கூண்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று கேள்விகளை இங்கேயும் போடுங்கள். விடைகள் வியப்பாக இருக்கும். பிரிட்டன் முழுவதும் ஒரு படகுக்குக்கூட 'போகாதே' என்று ஆணையிட அவருக்கு அதிகாரம் இல்லை. கூம்பு தகவல் மட்டும் சொல்லும், போவதா இருப்பதா என்பது படகோட்டியின் முடிவு. வாழ்நாளெல்லாம் ஆணையிட்டுப் பழகிய மனிதர், ஆணையே இல்லாத நிர்வாகத்தில்தான் அதிக உயிர்களுக்குக் காவலாக நின்றார். பேச்சின் மையம் இதுதான். நியூசிலாந்துப் பகுதிக்கு எதிரே இதை நேருக்கு நேர் நிறுத்துங்கள்.

எதிர்ப்பையும் மறைக்காதீர்கள். முன்னறிவிப்பு பொய்த்த நாட்களில் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆள் கரையில் நின்றால் வருமானம் போகிறதே என்று சில மீன்பிடிப் படகு முதலாளிகள் எரிச்சல்பட்டார்கள். ஊகத்துக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அறிஞர்கள் சிலர் சொன்னார்கள். அந்தக் காலத்துத் தரவுகளை வைத்துப் பார்த்தால் அறிஞர்களின் கேள்வி நியாயமானதே. முதலாளிகளின் எரிச்சலை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

1865 ஏப்ரல் 30 அன்று அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதைப் பள்ளி மேடையில் எப்படிச் சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஒரே வாக்கியம், விவரம் வேண்டாம், நோயும் கடன் சுமையும் மனச்சோர்வும் சூழ்ந்திருந்தன என்று சொன்னால் போதும். அந்த முடிவை நாடகமாக்கினால் நாற்பது ஆண்டு உழைப்பு மறைந்துபோகும். சொத்தெல்லாம் பொதுப் பணிக்கே கரைந்திருந்ததால் குடும்பத்துக்கு நண்பர்கள் நிதி திரட்டினார்கள், டார்வின் 100 பவுண்டு கொடுத்தார். கருத்தால் எதிரெதிரே போய்விட்ட பழைய கப்பல் தோழர் அவர். டார்வினுக்குப் பேச்சில் இடம் கொடுக்க இதுவே சரியான தருணம்.

கடைசி ஒரு நிமிடத்துக்குச் செய்தி தயாராக இருக்கிறது. அவர் இறந்த மறு ஆண்டு ஒரு விசாரணைக் குழு அவர் முறையைக் குறை கூறியது, 1866 முடிவில் புயல் எச்சரிக்கையே நிறுத்தப்பட்டது. கடலோரத்திலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. 1867இல் எச்சரிக்கை திரும்ப வந்தது. பத்திரிகை முன்னறிவிப்பு 1879இல்தான் மீண்டது. 2002இல் பிரிட்டிஷ் கடல் வானிலை அறிக்கையில் ஃபினிஸ்டேர் என்ற கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். நேரம் மிஞ்சினால் 2002ஐச் சொல்லுங்கள், மிஞ்சாவிட்டால் 1867இல் முடித்து இறங்கிவிடுங்கள்.