எக்செல் விளக்கப்படத்தை வேர்டில் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் டிடிபி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எக்செலில் பார்த்துப் பார்த்து அமைத்த விளக்கப்படம் வேர்டில் ஒட்டியவுடன் நிறமும் எழுத்துருவும் மாறி நிற்பதைக் கண்டு திகைக்கிறார்கள். கன்ட்ரோல் வி அழுத்தினால், வேர்டு வழக்கமாகத் தன் கோப்பின் தீம் நிறங்களையும் எழுத்துருக்களையும் படத்துக்குப் பூசிவிட்டு, எண்களுக்கு எக்செல் கோப்புடன் ஓர் இணைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. மூல வடிவம் வேண்டுமானால் ஒட்டிய இடத்தில் தோன்றும் பேஸ்ட் ஆப்ஷன்ஸ் பொத்தானில் 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அந்த வகை இரண்டு உண்டு: 'எம்பெட் ஒர்க்புக்' என்று முடிவது ஒன்று, 'லிங்க் டேட்டா' என்று முடிவது மற்றொன்று. பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

நிறத்தைக் காப்பாற்றப்போய் முழுக் கணக்கையும் அனுப்பிவிடுவது

'எம்பெட் ஒர்க்புக்' என்று முடியும் தேர்வு, படத்துடன் அந்த எக்செல் கோப்பு முழுவதையும், அதன் எல்லாத் தாள்களோடும், வேர்டுக்குள் வைத்துவிடும். பக்கத்து ஊர் ஒன்றில் நகரத்தார் சமூகத்தின் நகரச் சிவன் கோயிலின் ஆண்டு அறிக்கையை இப்படித்தான் தயாரித்தார்கள். வரவு செலவுப் படம் ஒன்றே ஒன்று. ஆனால் அதே கோப்பின் அடுத்த தாளில், எந்தப் புள்ளி (கோயில் வரிக்குக் கணக்கிடும் குடும்பம்) எவ்வளவு வரி பாக்கி வைத்திருக்கிறது என்ற பட்டியல் தொலைபேசி எண்களோடு இருந்தது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு வேர்டு கோப்பாகவே அறிக்கை போனது. படத்தின் மேல் வலச் சொடுக்குப் போட்டு 'எடிட் டேட்டா' வழியாக எக்செலில் திறந்த எவரும் அந்தப் பட்டியலைப் படிக்கலாம். பாக்கி வைத்திருப்பது ஒரு குடும்பத்துக்கும் கோயிலுக்கும் இடையிலான விஷயம். அதை ஊரார் முன் விரித்து வைத்ததை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைவிட வருத்தம், இதே தேர்வை இப்போதும் பிள்ளைகள் யோசிக்காமல் அழுத்துவதைப் பார்ப்பதுதான்.

தாளை ஹைட் செய்வது பாதுகாப்பு ஆகாது. அதை எவரும் அன்ஹைட் செய்துவிடலாம். படத்துக்குத் தேவையான எண்களை மட்டும், சூத்திரங்கள் இன்றி மதிப்புகளாக, புதிய கோப்பில் ஒட்டி அங்கே படத்தை வரையுங்கள். எண்கள் இனி மாறாது என்றால் 'பிக்சர்' ஆகவே ஒட்டலாம்: நிறம் மாறாது, பின்னால் எந்தத் தாளும் வராது. வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

வேர்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போவது

'லிங்க் டேட்டா' என்று ஒட்டியிருந்தால் எக்செல் கோப்பும் கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் படம் தெரியும், ஆனால் ஆய்வேட்டைப் பார்க்கும் வழிகாட்டி ஓர் எண்ணைத் திருத்தச் சொல்லும்போது திருத்த முடியாது. கோப்பின் இடம் மாறியிருந்தால், ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' வழியாகப் புதிய இடத்தைக் காட்டலாம்.

ஒட்டிய பிறகு அளவைச் சுருக்குவது

விளக்கப்படமாகவே ஒட்டியதைச் சுருக்கினால் எழுத்தின் அளவு சுருங்காது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏ4 தாளில் இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எஞ்சும் அகலம் 15.92 செ.மீ. எக்செலிலேயே அந்த அகலத்துக்குள் படத்தை அமைத்துவிட்டு நகலெடுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தலைப்புகள்

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்

வேண்டாம். அச்சில் மங்கும்.

படம் ஒரு கீற்றாக மட்டும் தெரிந்தால்

அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்சாக்ட்லி' என்று இருக்கும். 'சிங்கிள்' ஆக்கினால் முழுப் படமும் வந்துவிடும்.