அகராதிப் புளுகு ஆடுறது எப்படி

அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு தெரியும்ல, இது அகராதிப் புளுகு. யாருக்கும் தெரியாத ஒரு சொல்ல ஒருத்தர் அகராதிலேர்ந்து எடுத்துச் சொல்லுவாரு, மத்தவங்க எல்லாரும் அதுக்கு ஆளுக்கொரு பொய் அர்த்தம் எழுதிக் குடுப்பாங்க, நெஜ அர்த்தமும் அந்தச் சீட்டுக்குள்ள ஒண்ணா கலந்து கெடக்கும், எல்லாத்தையும் வாசிச்சதும் எது நெஜம்னு கண்டுபிடிக்கணும். கல்யாண வீட்ல முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, கரண்ட் போன நேரம், பகல் முழுக்க ஓடுற ரயிலு, இதுக்கெல்லாம் ரொம்ப தோதான ஆட்டம். ஒரு அகராதி, கிழிச்ச நோட்டுப் பேப்பர், ஆளுக்கொரு பேனா, முகம் மாறாம பொய் சொல்ற கூட்டம், இவ்ளோ இருந்தா போதும்.

இங்கிலீஷ்காரங்க இத ரொம்ப காலமா வீட்டுக்குள்ள ஆடிட்டிருக்காங்க. பிபிசி டிவில 1965லேர்ந்து 'கால் மை பிளஃப்'னு ஒரு நிகழ்ச்சியாவே வந்துச்சு, 1984ல கனடாவுல 'பால்டர்டாஷ்'னு பேர் வெச்சு பெட்டில போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. அந்தப் பெட்டிய காசு குடுத்து வாங்கணும்னு அவசியமே இல்ல. தமிழ்ல ஆடுங்க, சங்கப்பாட்டுலேர்ந்து நேத்து வரைக்கும் சேந்த சொல்லு மலையா குவிஞ்சு கெடக்கு, அதுல நாம தெனம் பேசுறது கைப்பிடி அளவுதான்.

மொதல்ல அகராதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பையில வெச்சிருக்கிற குட்டி அகராதி இதுக்கு ஒதவாது. க்ரியா அகராதி அருமையான அகராதிதான், ஆனா அது தற்காலத் தமிழுக்குன்னே செஞ்சது, அதுல இருக்கிற சொல்லுல பாதிய உங்க சித்தியே பேசுவாங்க. நமக்கு வேண்டியது மெட்ராஸ் யூனிவர்சிட்டி போட்ட தமிழ் லெக்சிகன், 1924ல ஆரம்பிச்சு 1936ல முடிஞ்ச 6 தொகுதி, லட்சத்துக்கும் மேல சொல்லு. வீட்ல இருந்தா பாக்கியம், இல்லாட்டியும் கவலயில்ல, சிகாகோ யூனிவர்சிட்டியோட வெப்சைட்ல முழுசா இருக்கு, போன்லயே தேடலாம்.

ஆளு நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் இருந்தா நல்லது. மூணு பேர்னா நெஜத்த ஈசியா புடிச்சிருவாங்க, பத்தத் தாண்டிட்டா கடைசி சீட்டு வாசிக்கும்போது மொத சீட்டு மறந்துரும். அவ்ளோ பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேத்து விடுங்க, ஜோடில ஒருத்தர் தமிழ் படிச்சவரா இருந்தா இன்னொருத்தர் வாய்ச்சவடால் விடுறவரா இருக்கணும்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒருத்தர் அகராதிய கைல வெச்சிருப்பாரு, அந்த ரவுண்டுல அவர்தான் அகராதி புடிச்சவர், ரெண்டு அர்த்தத்துலயும். அவர் ஒரு சொல்லத் தேர்ந்தெடுத்து, எழுத்து எழுத்தா சொல்லணும், எந்த ழ எந்த ல எந்த ளன்னு தெளிவா சொல்லணும், இல்லாட்டி பாதிப்பேர் வேற சொல்லுக்குப் புளுகிட்டு இருப்பாங்க. "இது யாருக்காச்சும் தெரியுமா"ன்னு ஒரு தடவ கேக்கணும். தெரிஞ்சவங்க நேர்மையா கைதூக்கிட்டா அந்தச் சொல்ல விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். தெரிஞ்சும் கமுக்கமா இருந்துட்டு பாயிண்ட் அள்ளுற ஆளு ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒருத்தர் உண்டு, பெரும்பாலும் தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரா இருப்பாரு, அவரக் கையெழுத்து போட வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, பேசாம அவர் கைலயே அகராதியக் குடுத்துருங்க.

இப்ப சொல் பொறுக்குறது, ஆட்டத்துல பாதி இதுலதான் இருக்கு. மஞ்ஞை, கேழல், களிறு மாதிரி ஸ்கூல் செய்யுள்ல வந்ததெல்லாம் வேண்டாம். ஆர்கலி, நித்திலம் மாதிரி இப்ப பிள்ளைங்களுக்குப் பேரா வெக்கிறதும் வேண்டாம், எவனாச்சும் ஒருத்தன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அர்த்தம் கேட்டு வெச்சிருப்பான். கொறள்ல வர்ற சொல்லயும் யோசிச்சு எடுங்க, அளறுன்னா சேறு, அலகைன்னா பேய், முகடின்னா மூதேவி, இதெல்லாம் கேட்டா புதுசாத்தான் இருக்கும், ஆனா கொறள் போட்டில பரிசு வாங்குன பொண்ணு ஒண்ணு கூட்டத்துல இருந்தா மாட்டுனீங்க. பிரிச்சா அர்த்தம் வந்துர்ற கூட்டுச்சொல் கண்டிப்பா கூடாது.

கேக்கும்போதே ஒண்ணும் பிடிபடாத சொல்லு இருக்கு, கொண்மூ, ஞிமிறு, துகிர்னு. மொதல்ல சொன்னது மேகம், அடுத்தது வண்டு, கடைசி பவளம். இதெல்லாம் நல்ல சொல்லுதான், ஆனா என்னக் கேட்டா அத விட நல்லது வேற எதையோ நெனைக்க வெக்கிற சொல்லு. கழுதுன்னு சொல்லிப் பாருங்க, மொத்தக் கூட்டமும் கழுதைய சுத்தியே எழுதும், கழுதையோட குட்டி, கழுதை மேல போடுற மூட்டைன்னு, ஆனா கழுதுன்னா பேய். காட்டுல காவல் காக்குறவன் ஏறி உக்கார்ற பரணுக்கும் அந்தப் பேர் உண்டு. பார்ப்புன்னா பறவைக் குஞ்சு. ஒருத்தல்னா ஆண் யானை, ஆண் பன்னி மாதிரி. இந்த ஆண் பேர் பெண் பேர் குட்டிப் பேரெல்லாம் தொல்காப்பியத்துல மரபியல்ல கொத்துக் கொத்தா கெடக்கு, அதுல ஆட்டுக்கடாவுக்குச் சொல்ற பேர்ல ஒண்ணு அப்பர். இத ஒரு தடவ சபைல போட்டுப் பாருங்க, நெஜ அர்த்தத்த வாசிக்கும்போது ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, தேவாரம் பாடுன அப்பர்தான் எல்லார் மண்டைலயும் நிப்பாரு.

மண்டைன்னதும் ஞாபகம் வருது, இன்னைக்கும் பேசுற சொல்லு ஆனா பழைய அர்த்தம் வேறயா இருக்கு பாருங்க, அதையும் விடாதீங்க. மண்டைன்னா அப்ப பிச்சையேந்துற பாத்திரம். அடகுன்னா கீரை, சேட்டு கடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மிதவைன்னா கூழு. இதுக்கு மட்டும் "இப்ப இருக்கிற அர்த்தம் கெடையாது, பழைய அர்த்தம்"னு முன்னாடியே சொல்லிரணும், அது ஞாயம்.

கூட்டத்துல யாழ்ப்பாணத்துக்காரங்களோ கோயமுத்தூர்காரங்களோ இருந்தா அவங்கவங்க ஊர்ச் சொல்லையும் எறக்கலாம், ஆனா அந்த ஊர்க்காரர்தான் அந்த ரவுண்டுக்கு அகராதி. யாழ்ப்பாணத்துல அலவாங்குன்னா கடப்பாரை, லாச்சின்னா மேசை டிராயர், வாங்குன்னா பெஞ்சு, தவறணைன்னா கள்ளுக்கடை. சென்னைல பொறந்து வளர்ந்த பசங்க தவறணைக்கு "தவறு செய்தவர் கட்டும் அபராதம்"னுதான் எழுதுவாங்க, எழுதட்டும்.

சரி, புளுகுறது எப்படி. புதுசா ஆடுறவங்க சிரிப்பு வர்ற மாதிரி எழுதப் பாப்பாங்க. சிரிப்பு வரும், ஓட்டு வராது. அகராதி சிரிக்காது, அதுக்கு கொட்டாவி விட வெக்கத்தான் தெரியும், நீங்களும் அப்படியே சப்புன்னு எழுதணும். லெக்சிகன்ல பக்கத்துக்குப் பக்கம் 'மரவகை', 'மீன்வகை', 'பூடுவகை'ன்னு ரெண்டே சொல்லுல முடிச்சுட்டுப் போயிருக்கும், படிக்கிறவன் கடுப்பாவான், என்ன மரம்யா அதுன்னு. அந்தக் கடுப்பேத்துற தொனிதான் உங்களுக்கு வேணும். வெளில்னு ஒரு சொல்லு, அதுக்கு இப்படியெல்லாம் சீட்டு வருதுன்னு வெச்சுக்குங்க: 'வெயில் தாங்காமல் மயங்கி விழுதல்', 'விருந்தினர் படுக்கும் வெளித்திண்ணை', 'அணில்', 'வெண்ணிற நெல்வகை', 'யானைப்பாகன் காலில் அணியும் வளையம்'. மொத ரெண்டுக்கும் ஓட்டே விழாது, ஏன்னா வெயில், வெளின்னு சொல்லப் பாத்து எழுதுனது அப்பட்டமா தெரியுது. நெல்வகைக்கு அள்ளும், நெல்லுக்கு எந்தப் பேர் வெச்சாலும் நம்ம ஆளுங்க நம்பிருவாங்க. யானை வளையத்துக்கும் ஒண்ணு ரெண்டு விழும், இவ்ளோ நுணுக்கமா எவன் புளுகப்போறான்னு நெனைப்பாங்க. நெஜம் அணில், அது பாவம் ஒத்தச் சொல்லா ஒரு மூலைல உக்காந்திருக்கும்.

அதனால சொல்ல மொறச்சுப் பாத்து ஒலிலேர்ந்து அர்த்தம் புடிக்காதீங்க, இல்ல அப்படித்தான் புடிக்கணும்னா ஒரு படி சுத்தி வாங்க. கவிகைன்னு ஒரு சொல்லு வந்தா எல்லாரும் கவிஞருக்குப் பரிசுன்னு எழுதுவாங்க. கவின்னா கொரங்குன்னும் ஒரு அர்த்தம் இருக்குல்ல, அதப் புடிச்சு 'குரங்கின் கைபோல் வளைந்த அரிவாள்'னு எழுதுங்க, கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவரா பாத்து வந்து விழுவாரு, தெரியாதவர் விழ மாட்டாரு. யாரு எதுல விழுவாங்கன்னு பாத்துதான் எழுதணும், உங்க அண்ணன எந்தப் பொய்ல கவுக்கலாம்னு உங்களுக்குத் தெரியாததா. (கவிகைன்னா குடை. இதுவும் கொறள்ல இருக்கு, ஜாக்கிரத.)

இன்னொரு தந்திரம், கடைசில அடைப்புக்குறிக்குள்ள (பிங்.) இல்ல (திவா.)ன்னு போட்டுருங்க. பிங்கல நிகண்டு, திவாகரம்னு அந்தக் காலத்துச் சொல் தொகுப்புங்க இருக்கு, இதையெல்லாம் லெக்சிகன் இப்படித்தான் சுருக்கிக் காட்டும், அந்த ஒரு புள்ளிக்கு இருக்கிற மதிப்பு வேற எதுக்கும் கெடையாது. ஆனா ஒரு ஆட்டத்துல ஒரு தடவதான் செல்லும், அடுத்த ரவுண்டுல எல்லார் சீட்டுலயும் பிங்கலம் வந்து நிக்கும்.

அகராதி புடிச்சவருக்குத்தான் வேலை ஜாஸ்தி. ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருந்தா ஒண்ணத்தான் எடுக்கணும், எருவைன்னா கழுகும் உண்டு செம்பும் உண்டு, ரெண்டையும் போட்டா உடனே தெரிஞ்சுரும். எடுத்தத ஒழுங்கா பாத்து எழுதணும். 1934ல வந்த வெப்ஸ்டர் அகராதிலயே, அடர்த்திங்கிறதுக்கு 'டி' எழுத்த பெருசாவோ சின்னதாவோ போடலாம்னு, அதாவது 'D or d'ன்னு, இருந்த சீட்ட தப்பாப் படிச்சு 'டோர்டு'ன்னு ஒரு சொல்லு அச்சாயிருச்சு, 1939லதான் கண்டுபிடிச்சாங்க. எல்லாச் சீட்டையும் வாங்குனதும் வாய்க்குள்ள ஒரு தடவ படிச்சுப் பாக்கணும், கையெழுத்து புரியலன்னா எழுதுனவர தனியா கூப்ட்டு கேக்கணும், வாசிக்கும்போது தடுமாறுனா அது பொய்ச்சீட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். எல்லாத்தையும் ஒரே கொரல்ல, செய்தி வாசிக்கிற மாதிரி ரெண்டு தடவ வாசிங்க. எழுத்துப்பிழை, பேச்சுநடையெல்லாம் வாசிக்கும்போதே திருத்திக்கலாம், அர்த்தத்த மட்டும் மாத்தக்கூடாது. நெஜச்சீட்ட எப்பவும் நடுவுல வெக்கிற பழக்கம் சில பேருக்கு உண்டு, நாலு ரவுண்டு ஆடுனா அது வெளில தெரிஞ்சுரும், அதனால சீட்டக் குலுக்கிட்டு வர்ற வரிசைலயே வாசிச்சுருங்க.

ஓட்டு ஒரே நேரத்துல போடணும், இல்லாட்டி பெரியவர் சொன்னதுக்கே எல்லாரும் போடுவாங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொன்னதும் வெரலக் காட்டச் சொல்லுங்க, சீட்டு வாசிச்ச வரிசைதான் நம்பர். நெஜத்தக் கண்டுபிடிச்சா 2 பாயிண்ட், உங்க பொய்க்கு விழுந்த ஒவ்வொரு ஓட்டுக்கும் 1, ஒருத்தருமே நெஜத்த தொடலன்னா அகராதி புடிச்சவருக்கு 3. தன் பொய்க்கு தானே ஓட்டு போடக்கூடாது. யாராச்சும் தெரியாமலே நெஜத்த ஒட்டி எழுதிட்டா அந்தச் சீட்ட வாசிக்காம வெச்சுட்டு அவருக்கு 3 குடுத்துருங்க, அந்த ரவுண்டுல அவர் ஓட்டு போட வேண்டாம். ஒட்டி வந்துச்சா இல்லையான்னு சண்ட வரும், யானைப்பாகன் வளையம் எழுதுனவரும் வந்து நிப்பாரு, வெளிலுக்கு யானை கட்டுற தறின்னும் ஒரு அர்த்தம் இருக்கேன்னு. வளையம் தறியாகாது, குடுக்காதீங்க. அகராதி புடிச்சவர் சொல்றதுதான் தீர்ப்பு, அடுத்த ரவுண்டுல அகராதி வலது கைப்பக்கம் இருக்கிறவருக்குப் போகும், எல்லாருக்கும் ஒரு சுத்து வந்ததும் கணக்கப் பாத்துட்டு முடிச்சுக்கலாம்.

வாட்ஸப் குரூப்லயும் ஆடலாம். அகராதி புடிச்சவர் காலைல சொல்லப் போடணும், மத்தவங்க அவருக்கு மட்டும் தனியா அனுப்பணும், சாயங்காலம் எல்லாத்தையும் ஒரே மெசேஜா நம்பர் போட்டு இறக்கி கீழ ஒரு போல் வெக்கணும். போல்ல யார் எதுக்குப் போட்டாங்கன்னு தெரியும்கிறதால ஒருத்தர் போட்டதப் பாத்து இன்னொருத்தர் போடுவாங்க, அதுக்கு ஓட்டையும் தனி மெசேஜா வாங்குறதுதான் நல்லது. கூகுள் பண்ணாதீங்கன்னு சொல்லலாம், சொல்லிட்டு ஞிமிறு, கொண்மூன்னு தேடுனதும் வர்ற சொல்லா போடாம, லெக்சிகன்ல ஒரு ஓரத்துல கெடக்கிற செடிப் பேராப் பாத்துப் போடுங்க.